தந்தையில்லாத் தலைப்பெழுத்து

அரபு மொழியில் ந, ஸ, க என்னும் மூன்றெழுத்து வேரிலிருந்து பல சொற்கள் கிளைக்கின்றன. முன்னிருந்த விதியை அகற்றிப் பின்வந்த விதியை நிலைநாட்டுவது 'நஸ்க்'. ஓர் ஏட்டைப் பார்த்து எழுதிய படி 'நுஸ்கா'. உயிர் ஓருடலை விட்டு வேறோர் உடலில் புகும் என்னும் கொள்கை 'தனாஸுக்'. ஆங்கிலத்தார் 'குளோனிங்' என்று குறிப்பிடும் அறிவியல் முறைக்கு இக்கால அரபு அறிஞர் வழங்கும் 'இஸ்தின்ஸாக்' என்ற சொல்லும் இவ்வேரிலிருந்தே வந்தது. ஏட்டைப் பெயர்த்தெழுதுதல் என்பது அதன் பழம்பொருள். தமிழில் நாம் 'நகலாக்கம்' என்கின்றோம். 'நகல்' என்பதும் 'நக்ல்' என்னும் அரபுச் சொல்லின் வழிவந்ததே. ஆக, இரு மொழியினரும் மனிதப் பிறப்பைப் பற்றிப் பேசப் புகுந்து, ஏடெழுதுவோரின் தொழிற்சொல்லையே கடன் வாங்கியிருக்கின்றோம்.

இவ்வுவமை சொல்லளவில் நின்றுவிடுவதில்லை. மூலம் உயர்ந்தது, படி தாழ்ந்தது. படி தொலைந்துபோனால் மூலத்தைப் பார்த்து இன்னொன்று எழுதிக்கொள்ளலாம் என்னும் எண்ணம் அச்சொல்லுக்குள்ளேயே குடியிருக்கின்றது. இதனை மனிதனுக்குப் பொருத்தினால் என்ன நேரும்? இவ்வினாவை ஒரு நாவலாக விரித்தவர் கசுவோ இஷிகுரோ. 1954ஆம் ஆண்டில் ஜப்பானின் நாகசாகியில் பிறந்து, 1960-இல் பெற்றோருடன் இங்கிலாந்துக்குச் சென்று, ஆங்கிலத்தில் எழுதி, 2017ஆம் ஆண்டில் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர் அவர். நாவலின் பெயர் 'நெவர் லெட் மீ கோ'. வெளிவந்த ஆண்டு 2005. 'என்னை ஒருபோதும் விட்டுவிடாதே' என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். இந்நாவல் எதனால் போற்றத்தக்கது, எவ்விடத்தில் அது பேசாது ஒதுங்குகின்றது என்னும் இரண்டையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வகத்தில் நிகழ்ந்தவை

நாவலுக்குள் நுழையுமுன், மெய்யாக நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாக அறிந்துகொள்ளுதல் நலம். 1996 ஜூலை 5 அன்று ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகருக்கு அருகிலுள்ள ராஸ்லின் ஆய்வு நிலையத்தில் டாலி என்னும் பெண் ஆட்டுக்குட்டி பிறந்தது. ஆறு வயதான ஓர் ஆட்டின் பால்மடியிலிருந்து எடுத்த உயிரணுவை, உட்கரு நீக்கிய வேறோர் ஆட்டின் கருமுட்டையோடு மின்துடிப்பால் இணைத்து, மூன்றாவது ஓர் ஆட்டின் கருப்பையில் வைத்து அதனை ஈன்றெடுக்கச் செய்தனர். அவ்வாறு இணைத்தவை 277. கருவாகித் தாய் ஆடுகளின் வயிற்றில் வைக்கப்பட்டவை 29. பிழைத்துப் பிறந்தது ஒன்றே. 2001 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இதே முறையில் ஒரு பூனைக்குட்டி பிறந்தது. மூலப்பூனையின் மரபணுவை அது கொண்டிருந்தும், மூலப்பூனையின் மேனி வண்ணம் அதற்கு வாய்க்கவில்லை. 2018-இல் சீனாவின் ஷாங்காய் நகரில் இரு குரங்குக் குட்டிகளை இம்முறையில் பிறப்பித்த செய்தியும் வெளியாயிற்று. மனிதக் குழந்தை ஒன்று இவ்வாறு பிறந்ததாக மெய்ப்பிக்கப்பட்ட செய்தி இன்றுவரை இல்லை.

ஆயினும் உலகம் விழித்துக்கொண்டது. டாலியின் செய்தி வெளியான 1997ஆம் ஆண்டிலேயே ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, மனிதரை நகலாக்குதல் கூடாது என்று தீர்மானித்தது. தாவரத்திலும் விலங்கிலும் மக்கள் நலனுக்காக இதனைச் செய்வதற்கு வரம்புடன் இசைவளித்த அவ்வவை, கணவன் மனைவி உறவுக்குள் கருமுட்டையாகவோ கருப்பையாகவோ உயிரணுவாகவோ மூன்றாமவர் நுழைவதைத் தடுத்தது. 2005 மார்ச் 8 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபையும் மனித நகலாக்கத்தைத் தடுக்குமாறு நாடுகளை வேண்டும் அறிவிப்பை 84 வாக்குகளால் நிறைவேற்றியது. எதிர்த்தவை 34, நடுநின்றவை 37. இஷிகுரோவின் நாவலும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது.

நாவலின் கதை

கதை நிகழும் இடம் இங்கிலாந்து. காலம் 1990-களின் பிற்பகுதி. உலகப் போருக்குப் பின் மருத்துவம் வேறொரு பாதையில் சென்றுவிட்டதாக ஆசிரியர் கற்பனை செய்துகொள்கின்றார். பிறருடைய நோய் தீர உறுப்புகளை எடுத்துக்கொள்வதற்காகவே நகல் மனிதர்களைப் பிறப்பித்து வளர்க்கும் வழக்கம் அந்நாட்டில் நிலைபெற்றுள்ளது. கதையைச் சொல்பவள் கேத்தி எச். என்னும் 31 வயதுப் பெண். ஹெய்ல்ஷாம் என்னும் விடுதிப் பள்ளியில் ரூத், டாமி டி. ஆகிய தோழர்களுடன் வளர்ந்தவள். ஓவியம், கவிதை, விளையாட்டு என்று அப்பள்ளியில் குறையேதும் இல்லை. பிள்ளைகள் வளர்ந்ததும் சில காலம் பிறரைப் பேணும் பணி செய்வர். பின்னர் ஒன்றன்பின் ஒன்றாகத் தம் உறுப்புகளை இழப்பர். நான்காம் முறைக்குள் உயிர் போய்விடும். ரூத்தும் டாமியும் அவ்வாறே மறைகின்றனர். கேத்தி தன் முறைக்குக் காத்திருக்கின்றாள்.

இக்கதையில் அறுவைக் கூடத்தின் குருதி இல்லை. கொடுமைக்கார மருத்துவர் இல்லை. வேலியைத் தாண்டி ஓடும் வீரரும் இல்லை. பள்ளித் தோழியரின் ஊடல், தொலைந்துபோன ஒரு பொருள், ஒரு சிறு பயணம் என அன்றாட வாழ்வே பக்கங்களை நிரப்புகின்றது. அந்த அன்றாடத்துக்குள்ளேதான் ஆசிரியர் தம் பெருவினாக்களை வைத்திருக்கின்றார்.

ஒலிநாடாவும் இமாம் கஸ்ஸாலியும்

கேத்தியிடம் ஓர் ஒலிநாடா இருந்தது. அதிலுள்ள ஒரு பாடலே நாவலுக்குப் பெயராயிற்று. பாடலில் காதலனை அழைக்கும் சொல்லைக் குழந்தையை அழைக்கும் சொல்லாகச் சிறுமி கேத்தி எண்ணிக்கொள்கின்றாள். பிள்ளைப்பேறு இல்லாதவளாகவே படைக்கப்பட்ட அவள், ஒரு தலையணையைப் பிள்ளையாக மார்போடணைத்து அப்பாட்டுக்கு மெல்ல ஆடுகின்றாள். பள்ளிக்கு வந்துபோகும் 'மேடம்' என்னும் பெண்மணி வாசலில் நின்று அதைக் கண்டு கண்ணீர் விடுகின்றாள். பின்னொரு நாள் அந்த ஒலிநாடா காணாமற்போகின்றது. ரூத் அதற்கு ஈடாக வேறு இசை கொண்ட ஒரு நாடாவைத் தேடித் தருகின்றாள். அதையும் கேத்தி போற்றி வைத்துக்கொள்கின்றாள். ஆண்டுகள் பல சென்றபின் நார்ஃபோக் பகுதியின் க்ரோமர் என்னும் கடலோர ஊரில், பழம்பொருள் விற்கும் கடையில், டாமியோடு தேடும்போது முதல் நாடாவைப் போன்றதொன்று கிடைக்கின்றது. இது தொலைந்த அதே நாடாவா என்று டாமி வினவுகின்றான். இருக்கலாம், ஆனால் இதுபோல் ஆயிரக்கணக்கில் உலவிக்கொண்டிருக்கும் என்கின்றாள் கேத்தி.

நகல் மனிதர் இருவர் கையில் ஒரு நகற்பொருளைக் கொடுத்து இவ்வினாவை எழுப்பியிருப்பதில் ஆசிரியரின் திறம் விளங்குகின்றது. அரபுத் தத்துவ நூல்களைக் கற்றோர்க்கு இவ்வினா புதிதன்று. ஒரு பொருளே அப்பொருளாக இருப்பதை 'ஐன்' என்றும், அதனை ஒத்த வேறொன்றை 'மித்ல்' என்றும் அவர்கள் பிரித்துப் பேசினர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய 'தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா' என்னும் நூலின் இருபதாவது, அதாவது இறுதி விவாதம் இதனைத் தொடுகின்றது. அழிந்த உடல் மீண்டும் படைக்கப்படுமானால் அது பழைய மனிதனை ஒத்த வேறொருவனாகுமே அன்றி அதே மனிதனாகாது என்பது தத்துவவாதிகளின் தடை. இமாமவர்களோ, மனிதன் மனிதனாயிருப்பது ஆன்மாவினால் என்றும், குழந்தைப் பருவம் முதல் முதுமை வரை உடற்கூறுகள் மாறிக்கொண்டே இருப்பினும் அவன் அவனாகவே இருக்கின்றான் என்றும் விடையிறுக்கின்றார்கள். அவர்கள் பேசியது மறுமை எழுச்சி பற்றி. நகலாக்கம் பற்றி அன்று. ஆயினும் அவ்விடையிலிருந்து நமக்கு ஓர் அளவுகோல் கிடைக்கின்றது. உடலின் பொருள் மாறினும் ஆள் மாறுவதில்லை என்றால், உடல் ஒத்திருப்பதனால் மட்டும் இருவர் ஓராளாகிவிடுவதும் இல்லை.

இதற்கு ஆய்வகம் வேண்டியதில்லை. இரட்டைப் பிள்ளைகளே போதும். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர், மரபணு ஒன்றாயிருப்பதோடு, ஒரே கருப்பையில் ஒரே காலத்தில் வளர்ந்தவர்கள். நகலாக்கப்பட்டவனோ மூலத்தவனின் காலந்தாழ்ந்த இரட்டை; கருமுட்டையும் கருப்பையும் காலமும் அவனுக்கு வேறு. இரட்டையருள் ஒருவர் இறந்தால், இன்னொருவர் இருக்கின்றாரே என்று எந்தத் தாயும் ஆறுதல் கொள்வதில்லை. எனவே, நகல் தனி ஆளா என்னும் வினா கேட்பதற்குப் பெரிதாயினும் விடைக்கு எளிதானது. இறந்துபோன பிள்ளையை மீட்டுத் தருவோம் என்று யாரேனும் இம்முறையைக் காட்டி ஆசையூட்டினால், அவர்கள் தரக்கூடியது வேறொரு பிள்ளையே என்பதைப் பெற்றோர் உணர்தல் வேண்டும்.

தலைப்பெழுத்து

கேத்தி எச்., டாமி டி. என்னும் பெயர்களை ஆங்கில வாசகர், குடும்பப் பெயரை மறைத்துக் கூறும் வழக்கம் என்று கொண்டு கடந்துவிடக்கூடும். தமிழ் வாசகரால் அவ்வாறு கடக்க இயலாது. நம் நாட்டில் பெயரோடு நிற்கும் தலைப்பெழுத்து தந்தையைக் குறிப்பது. அரபியர் 'இப்னு' என்று முழுச் சொல்லால் சொல்வதை நாம் ஓரெழுத்தால் சொல்கின்றோம். பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் முதலில் கேட்பது அதைத்தான். கேத்தியின் 'எச்' எந்தப் பெயரின் சுருக்கமும் அன்று. அதை விரித்தால் உள்ளே ஒருவரும் இல்லை.

இவ்வெறுமையை ஆசிரியர் ரூத்தின் வழியாகக் காட்டுகின்றார். தன் மூலமாக இருக்கக்கூடிய ஒரு பெண், அலுவலகம் ஒன்றில் பணிபுரிவதாகக் கேள்விப்பட்டு, ரூத் தோழர்களுடன் க்ரோமருக்குச் செல்கின்றாள். கண்ணாடிச் சாளரத்தின் வழியே பார்த்தபோது ஒத்திருப்பதாகத் தோன்றிய முகம், அருகிற் சென்று பார்த்தபோது ஒத்திருக்கவில்லை. மனமுடைந்த ரூத், நம்மைப் போன்றோர் நல்ல மனிதரிடமிருந்து எடுக்கப்பட்டவர்கள் அல்லர், சமுதாயம் குப்பையென ஒதுக்கியவர்களிடமிருந்தே எடுக்கப்பட்டோம் என்று வெடிக்கின்றாள். இவ்விடத்தில் அவள் தேடுவது தன் உடலின் மூலத்தையா? 'நஸப்' என்று நாம் வழங்கும் வழித்தோன்றலையே அவள் தேடுகின்றாள். யார் மகள் நான், என்னை யார் வேண்டினார்கள் என்பதே அவளுடைய வினா. 1997ஆம் ஆண்டின் ஜித்தா தீர்மானம் மூன்றாமவரின் நுழைவைத் தடுத்ததன் உட்கருத்தும் இதுவே: பிறக்கும் பிள்ளை தன்னை இன்னாரின் பிள்ளை என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை இழந்துவிடக் கூடாது. சட்டமொழியில் வறண்டு தோன்றும் அவ்விதியின் வேதனையை ரூத்தின் வெடிப்பில் நாம் கேட்கின்றோம்.

ஆன்மாவுக்குச் சான்று

ஹெய்ல்ஷாம் பிள்ளைகள் வரையும் சிறந்த ஓவியங்களை மேடம் எடுத்துச் செல்வது வழக்கம். அவ்வோவியங்களைக் கொண்டு உண்மையான காதலர் யாரென்று கண்டறிந்து, அவர்களுக்கு உறுப்பெடுப்பைச் சில ஆண்டுகள் தள்ளிவைப்பார்கள் என்று பிள்ளைகளிடையே ஒரு வதந்தி. அதனை நம்பி, வளர்ந்துவிட்ட கேத்தியும் டாமியும் லிட்டில்ஹாம்ப்டனில் வசிக்கும் மேடத்தை நாடிச் செல்கின்றனர். அங்கே பழைய தலைமையாசிரியை எமிலி அம்மையார் உண்மையை உடைக்கின்றார். தள்ளிவைப்பு என்று ஒன்று எக்காலத்தும் இருந்ததில்லை. நகல் பிள்ளைகளுக்கும் ஆன்மா உண்டு என்று ஊராருக்கு நிறுவிக்காட்டவே ஓவியங்களைத் திரட்டினார்களாம். பிள்ளைகளைக் கண்டு தாமே நாள்தோறும் அருவருப்பை அடக்கிக்கொண்டதாகவும் அவர் ஒப்புக்கொள்கின்றார்.

எமிலி அம்மையாரை நாவலின் நல்லுள்ளமாகக் கொள்வோர் உண்டு. ஒப்பிட்டுப் பார்த்தால் அவர் நல்லவரே. பிற இடங்களில் இப்பிள்ளைகள் வளர்க்கப்பட்ட முறை இதனினும் கொடியது. ஆயினும் ஆன்மாவுக்குச் சான்று கேட்பதே குற்றத்தின் ஒரு பகுதி என்பதை ஆசிரியர் நமக்கு உணர்த்துகின்றார். சிறுவயதில் டாமிக்கு ஓவியம் வராது. அதனால் தோழர்கள் அவனை எள்ளி நகையாடுவர். ஓவியமே சான்றெனில் டாமிக்கு ஆன்மா இல்லையா? பேச்சிழந்தவர், நினைவிழந்தவர், அறிவு வளராத குழந்தை ஆகியோரின் நிலை என்ன? நம் ஃபிக்ஹு நூல்கள் இதில் காட்டும் எளிமை வியத்தற்குரியது. பிறந்த குழந்தை ஒருமுறை குரலெழுப்பி அழுது, பின் இறந்துபோனாலும், அதற்கு வாரிசுரிமை உண்டு. ஜனாஸாத் தொழுகையும் உண்டு. அந்த ஓர் அழுகைக்கு மேல் எச்சான்றும் கேட்கப்படுவதில்லை. திறமையைக் காட்டு, அதன்பின் உன்னை மனிதனாக ஏற்கின்றோம் என்பவர், மனிதத் தன்மையைத் தேர்வெழுதிப் பெறும் பட்டமாக்கிவிடுகின்றார்.

அன்றிரவு திரும்பும் வழியில் டாமி காரை நிறுத்தச் சொல்லி இறங்கி, இருண்ட வயலில் நின்று அலறுகின்றான். நாவலிலேயே உரத்த குரல் அதுதான். எமிலி அம்மையார் ஆண்டுக்கணக்கில் திரட்டிய ஓவியங்களைவிட அந்த அலறல் தெளிவானது. அதைக் கேட்டவள் கேத்தி ஒருத்தியே.

சொற்கள் செய்யும் வேலை

இப்பிள்ளைகள் ஏன் தப்பியோடவில்லை என்பது இந்நாவல் மீது பலரும் கூறும் குறை. அக்குறையை ஏற்பதற்கில்லை. அவர்களைக் கட்டியிருப்பது சொல்லே. உறுப்பைப் பறித்தலுக்கு அங்கே 'தானம்' என்று பெயர். சாவுக்கு 'நிறைவு' என்று பெயர். பிள்ளைகள் கருத்தறியுமுன்பே இச்சொற்களைக் கற்றுவிடுகின்றனர். எல்லாம் அவர்களிடம் சொல்லப்பட்டிருக்கின்றது. எதுவும் விளங்கும்படி சொல்லப்படவில்லை. லூசி என்னும் ஆசிரியை உண்மையை வெளிப்படையாகச் சொல்லத் துணிந்தபின் பள்ளியை விட்டே போகின்றாள்.

தானம் என்பது யாது? 'ஹிபா' எனப்படும் கொடை செல்லுபடியாக வேண்டுமானால், கொடுப்பவர் பொருளுக்கு உடையவராகவும், பருவமும் அறிவும் நிறைந்தவராகவும், மனமொப்பித் தருபவராகவும் இருத்தல் வேண்டும் என்று மதரஸாவின் தொடக்க வகுப்பிலேயே கற்பிக்கப்படுகின்றது. மறுக்க முடியாதவன் தருவது கொடையாகாது. இவ்வளவுகோலை நாவலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுதல் போதாது. சென்னையின் வில்லிவாக்கத்துக்குச் செய்தித்தாள்கள் 'கிட்னிவாக்கம்' என்று பெயர் சூட்டிய காலம் ஒன்று உண்டு. கடன்பட்ட ஏழையரின் சிறுநீரகம் விலைபோனதே அதற்குக் காரணம். 1994ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் உறுப்பு வணிகத்தைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. ஒருவர் உடலை இன்னொருவரின் மருந்துப் பெட்டியாக்குவதற்கு நகலாக்கம் என்னும் அறிவியல் தேவைப்படவில்லை. இருப்பவனின் நோயும் இல்லாதவனின் வறுமையும் சந்தித்தாலே போதுமாயிருந்தது.

நாவல் பேசாத இடங்கள்

இத்துணைச் சிறப்புடைய நாவலில் இரண்டு குறைகளைச் சுட்டாதிருக்க இயலவில்லை. முதலாவது, இப்பிள்ளைகளைச் சுமந்த கருப்பை யாருடையது என்று நாவல் கூறுவதே இல்லை. டாலிக்கும் சுமந்த தாய் ஒருத்தி இருந்தாள். 277 முயற்சிகளில் ஒன்றே பலித்தது என்னும் கணக்கை மனிதருக்கு வைத்துப் பார்த்தால், அதில் எத்தனை பெண்களின் உடல், எத்தனை கருச்சிதைவு, எத்தனை கண்ணீர் அடங்கியிருக்கும்! தந்தையின்மையை நுட்பமாக உணர்த்திய ஆசிரியர், சுமந்த தாயரை முற்றாக மறந்துவிட்டார். நகலாக்கத்தின் அறக்கேடு பிறக்கும் பிள்ளையிடம் தொடங்குவதில்லை. கருமுட்டை தரும் பெண்ணிடமும் கரு சுமக்கும் பெண்ணிடமும் அது முன்னரே தொடங்கிவிடுகின்றது.

இரண்டாவது, நாவலில் அடக்கக் காட்சி ஒன்றும் இல்லை. ரூத் இறக்கின்றாள், டாமி இறக்கின்றான். குளிப்பாட்டியவர் யார், மண்ணிட்டவர் யார் என்பது சொல்லப்படுவதில்லை. அச்சமுதாயத்தின் கல்நெஞ்சத்தைக் காட்டவே ஆசிரியர் விட்டுவைத்தார் என்று ஒருவர் வாதிடலாம். அப்படியாயின் கேத்தியாவது அக்குறையை உணர்ந்திருத்தல் வேண்டும். மனிதரை மனிதராக நடத்தும் கடைசிச் செயல் அடக்கம். ஆன்மாவைப் பற்றிய நாவல் அதனைப் பேசாது சென்றது ஒரு வெற்றிடமே.

இக்குறைகள் நாவலின் மதிப்பைக் கெடுத்துவிடவில்லை. நகல் மனிதன் மூலத்துக்குச் சமமா என்னும் கேள்வியோடு நூலைத் திறக்கும் வாசகரை, அவனை எதற்காகப் பிறப்பித்தீர்கள் என்னும் கேள்விக்கு அது கொண்டுவந்து நிறுத்துகின்றது. முதற் கேள்வியைப் புலவர்கள் வாதிட்டுக்கொண்டிருக்கலாம். இரண்டாவது கேள்வி பிள்ளை பெறும் ஒவ்வொரு வீட்டுக்கும் உரியது. தீராத நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டபின் அதனைக் கைவிடுமாறு உலகை எவ்வாறு வேண்டுவது என்று எமிலி அம்மையார் கேட்கின்றார். நம் பிள்ளையோ பெற்றோரோ நோய்ப்படுக்கையில் கிடக்கும்போது அவ்வாதம் எவ்வளவு இனிமையாக ஒலிக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அறம் தடுமாறுவது அந்த நேரத்திலேதான். வளர்ந்த பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து இந்நாவலைப் படிப்பார்களாயின், அந்நேரம் வருமுன்பே அதைப் பற்றிப் பேசிக்கொள்ள அவர்களுக்கு ஒரு வாய்ப்புக் கிடைக்கும்.